பாலைவனப் படம்னாலே தோள்ல முள்ளு எதுக்கு?

மூக்கையூர் தம்பி:
வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் ஒரு குறும்படம் எடுக்கலாம்னு இருக்கோம். மழை அறவே நின்னுபோன காலம், குடிதண்ணிக்கு அடிதடி, அவ்வளவுதான் கதை. நம்ம ஊரே தண்ணியில்லாக் காடு, செட்டு போடுற செலவு மிச்சம். சிக்கல் உடுப்புல. நாலு பேர் தனித்தனியா வரைஞ்சு கொண்டாந்தாங்க. நாலுலயும் டயர் வெட்டின தோள்பட்டை, ஆணி, ஓரம் சிரைச்ச தலை, சைலன்சர் கழட்டின பைக். ‘மேட் மேக்ஸ்’ மாதிரியே இருக்குடான்னு ஒரு அண்ணன் சிரிச்சுட்டார். எங்கள்ல ஒருத்தன்கூட அந்தப் படம் பார்த்ததில்லை. பார்க்காத படம் எப்படிண்ணே கைக்கு வந்துச்சு?

உப்பளத்தான்:
தம்பி, நீங்க அதைப் பார்க்கல. அதைப் பார்த்தவங்க செஞ்சதையெல்லாம் பார்த்து வளர்ந்திருக்கீங்க.

நீங்க வரைஞ்சிருக்கிறது ரெண்டாம் பாகம், 1981. எடுத்தவர் ஜார்ஜ் மில்லர், அதுக்கு முந்தி சிட்னியில டாக்டர். ஆஸ்திரேலியாவுல ப்ரோக்கன் ஹில்ங்கிற வறண்ட சுரங்க ஊர்ல எடுத்தாங்க. அமெரிக்காவுல ‘தி ரோடு வாரியர்’னு பேரை மாத்தி விட்டாங்க. அந்தப் பேரையே வச்சுக்கிட்டு ஹாக், அனிமல்னு ரெண்டு மல்யுத்தக்காரங்க முள்ளுத் தோள்பட்டையோட இறங்கினாங்க. டபிள்யூ டபிள்யூ எஃப்ல ‘லீஜன் ஆஃப் டூம்’னு நாங்க வாயைப் பொளந்து பார்த்தது அவங்களைத்தான். ஜப்பான்ல 1983ல தொடங்கின ‘ஹொகுடோ நோ கென்’ காமிக்ஸ்ல அதே பாலைவனம், அதே ரவுடிப் பட்டாளம். 1997ல வந்த ‘ஃபால்அவுட்’ கம்ப்யூட்டர் விளையாட்டுல ஒத்தைக் கை ஜாக்கெட் வரும் பாருங்க, அது அந்தப் பட நாயகனோடது. அடுத்து வந்த விளையாட்டுக்காரங்க ஃபால்அவுட்டைப் பார்த்துப் போட்டாங்க. உங்க பசங்க போன்ல ஆடுறது அதுக்கும் அடுத்த தலைமுறை.

ஆனா அந்த உடுப்பு வந்த வழி நல்ல வழி. நார்மா மோரிசோன்னு ஒரு அம்மாதான் உடை. உலகம் கவுந்தா மனுசன் கையில கிடைக்கிறதைத்தான் மாட்டிக்குவான்னு, விளையாட்டு வீரருங்க போடுற தோள்கவசம், பழைய தோல் துணின்னு பொறுக்கிச் சேர்த்தாங்க. அங்க கிடந்தது அது. நம்ம கரையில என்ன கிடக்கு? அறுந்த நைலான் வலை, மிதவை, தெர்மாகோல் தெப்பம், உடைஞ்ச ஃபைபர் வள்ளத்து ஓடு, நீல டிரம். பங்குனி வெயில்ல உப்பளத்து வரப்புல தோல் ஜாக்கெட் போட்டவன் வில்லனாக மாட்டான், மயங்கி விழுவான். ஆணி எல்லாம் உப்புக்காத்துல சீக்கிரமே துரு ஏறிடும்.

கீழக்கரை அக்கா:
அண்ணன் சொல்றது சரி. ஆனா உடுப்பை மட்டும் மாத்தினா போதாது தம்பி. அதே மேட் மேக்ஸ் வரிசையில 2015ல வந்த ‘ஃப்யூரி ரோடு’ படத்துல ஒருத்தன் பாறை மேல நின்னு தண்ணியைத் திறந்துவிட்டு உடனே அடைச்சிருவான், கீழே சனம் சட்டியோட முட்டி மோதும். நல்ல காட்சிதான். எனக்கு அதுல குறையா பட்டது ஒண்ணுதான், அங்க வரிசையே கிடையாது! நம்ம தெருவுல காவிரித் தண்ணி வரலைன்னா தள்ளுவண்டியில குடத்தை அடுக்கி வச்சு இடம் போடுறோம். குடத்தை யாராச்சும் நகட்டிட்டா வர்ற பேச்சு இருக்கே, அதுக்கு மண்டையோட்டு முகமூடி எதுக்கு? கடக்கரை ஊத்துல கொட்டாங்குச்சியால மோந்து குடம் நிரப்புற பொம்பளை ஒருத்தியை வையுங்க. தண்ணி லாரிக்காரன் வெள்ளை வேட்டியோட வரட்டும்.

இன்னொண்ணு. ஃப்யூரி ரோடையும் முதல்ல ப்ரோக்கன் ஹில்லதான் எடுக்க இருந்தாங்க. மழை கொட்டி பாலைவனம் பூத்துப் போச்சு, நமீபியாவுக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. ஐப்பசிக்கு முன்னாடி முடிச்சிருங்க, அப்புறம் சீமைக்கருவை பச்சைப்பசேல்னு நிக்கும்.

பாம்பன் டிரைவர்:
வண்டிக்கு பைக் வேணாம். 2017ல அரிச்சல்முனைக்கு ரோடு திறக்குற வரைக்கும் தனுஷ்கோடி மணல்ல ஆளேத்தின பழைய வேனுங்க இருக்கு. துரு, ஒட்டு, வெல்டிங். எந்த ஆர்ட் டைரக்டராலயும் அப்படிச் செய்ய முடியாது.

மூக்கையூர் தம்பி:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, ஊத்துக் காட்சியை எழுத ஆரம்பிச்சாச்சு. வலையும் மிதவையும் எங்க சித்தப்பாகிட்டயே கிடக்கு. டயர் தோள்பட்டையை மட்டும் ஒருத்தன் கழட்ட மாட்டேங்கிறான், ரெண்டு நாள் உக்காந்து வெட்டினானாம். டிரைவர் அண்ணே, அந்த வேன் ஓடுற நிலையில இருக்கா, தள்ளித்தான் கொண்டுவரணுமா? ஒரு நாள் வாடகை என்ன கேப்பாங்க?