சியாங் மாய்: நீச்சல் தெரியாமல் ராஃப்டிங் போகலாமா? அன்றைக்கே ராத்திரிச் சந்தையும் முடியுமா?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் தனியாக சியாங் மாய் போகிறேன். முதுகில் ஒரே ஒரு பை, மொத்தம் நாலு நாள். பாங்காக்கிலிருந்து ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, சனிக்கிழமை காலையில் போய் இறங்குவேன். ஞாயிறு பகலில் மே தேங் ஆற்றில் ராஃப்டிங் (பாய்ந்தோடும் ஆற்றில் ரப்பர் படகுப் பயணம்), திரும்பி வந்து அன்று மாலையே ஞாயிறு நடைவீதிச் சந்தை என்று நினைத்து வைத்திருக்கிறேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. மதுரையில் வளர்ந்தவள், ஆழமான தண்ணீரில் இறங்கியதே இல்லை. படகு விடும் கம்பெனி ஒன்றுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டேன். "லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை.

அப்புறம் சாப்பாடு. முட்டை சாப்பிடுவேன், மீன், இறைச்சி கிடையாது. சந்தையில் எதை நம்பி வாங்கலாம்?

அம்மாவிடம் ராஃப்டிங் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்னால் எனக்கே ஒரு தெளிவு வேண்டும். போய் வந்தவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

பவானிக்காரன் பதில்:

நான் போனது 2023 ஆகஸ்டில், அதே மே தேங் ஆறு. பவானி கூடுதுறைக்குப் பக்கத்தில் பிறந்தவன், ஏழு வயதிலிருந்து காவிரியில் நீந்துகிறேன். ஒகேனக்கல் பரிசலில் எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் மே தேங்கில் ஏறினேன். அங்கே விழுந்தபோது என் நீச்சல் எனக்கு உதவவில்லை. உங்கள் கேள்விக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். படகில் ஆறு பேர், பின்னால் உட்கார்ந்து வழி நடத்துபவர் ஒருவர். கிளம்பும் முன்னால் பாதுகாப்பு விளக்கம் என்று ஐந்து நிமிடம் பேசினார்கள். பாதிப் பேர் அப்போதுதான் செருப்பைக் கழற்றி ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்கள், யார் காதிலும் சரியாக விழவில்லை. என் ஹெல்மெட்டின் தாடை வார் தொளதொளவென்று இருந்தது. மாற்றிக் கேட்டேன். "பரவாயில்லை, இது போதும்" என்றார்கள். அங்கேயே நான் பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும். நீங்கள் நில்லுங்கள்.

மூன்றாவது ரேபிட்டோ (தண்ணீர் பாறைகளுக்கு இடையே சீறிப் பாயும் இடம்) நான்காவதோ, படகின் இடது பக்கம் ஒரு பாறைமேல் ஏறியது. எனக்கு எதிர்ப்பக்கம் இருந்தவர் என்மேல் சரிந்தார், நான் தண்ணீருக்குள். கண்ணைத் திறந்தால் டீ நிறத்தில் தண்ணீர், வேறொன்றும் தெரியவில்லை. மேலே வந்ததும் பழக்கதோஷத்தில் கையை வீசி நீந்தத் தொடங்கினேன். காவிரியில் இழுப்பு வந்தால் குறுக்கே சாய்ந்து நீந்திக் கரையைப் பிடிப்போம், உடம்புக்கு அதுதான் தெரியும். ஆனால் பாறைக்குக் கீழே கொட்டி நுரைக்கிற தண்ணீரில் பாதி காற்று. கை வீசினால் பிடிமானமே கிடைக்காது. நாலு முறை வீசியதில் மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

பின்னாலிருந்து வழி நடத்துபவர் "காலைத் தூக்கு, காலைத் தூக்கு" என்று கத்தினார். அப்புறம்தான் மல்லாந்து, கால் இரண்டையும் ஆறு போகும் திசைக்கு நீட்டி, கட்டைவிரல் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி படுத்தேன். உடனே எல்லாம் மாறியது. ஜாக்கெட் தூக்கிப் பிடித்தது, எதிரே வந்த பாறையைக் காலால் உதைத்து விலக முடிந்தது. அலையின் உச்சியில் தண்ணீர் முகத்தில் அடிக்கும், பள்ளத்தில் இறங்கும்போது மூச்சை இழுத்துக்கொள்ளலாம். இரண்டு அலையில் அது பிடிபட்டுவிட்டது. முப்பது விநாடி இருக்கலாம். கயிறு எறிந்தார்கள், பிடித்தேன், இழுத்துப் போட்டார்கள்.

ஆகவே நீச்சல் தெரியாதது பெரிய குறை இல்லை. இந்தப் படுக்கை நிலை தெரியாமல் போவதுதான் ஆபத்து. போகும் முன்னால் வீட்டுத் தரையில் படுத்துப் பழகுங்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

எழுந்து நிற்கவே நிற்காதீர்கள், முழங்கால் அளவுத் தண்ணீராக இருந்தாலும். கால் பாறை இடுக்கில் மாட்டினால் பின்னால் வருகிற தண்ணீர் ஆளை முன்பக்கமாக மடக்கி அமுக்கிவிடும். வேகம் அடங்கி, அடிப்பக்கம் கரையில் தட்டும் இடத்தில்தான் எழ வேண்டும். கயிறு வந்தால் நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள், கையில் சுற்றாதீர்கள். துடுப்பின் மேல்முனையில் குறுக்காக ஒரு பிடி இருக்கும். அதை எப்போதும் ஒரு கை மூடியிருக்க வேண்டும், விட்டால் பக்கத்தில் இருப்பவர் பல் போகும். எங்கள் படகில் ஒரு பெண்ணுக்கு உதடு கிழிந்தது அப்படித்தான். ஜாக்கெட்டைப் பூட்டியதும் யாரையாவது தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். அது தாடையைத் தாண்டி ஏறினால் வேறு அளவு கேளுங்கள்.

இப்போது மாதம். எனக்கு நெருடுவது இதுதான். ஜனவரியில் பார்க்கும் மே தேங் வேறு, செப்டம்பர் மே தேங் வேறு. ஆற்றின் கடினத்தை ஒன்று முதல் ஆறு வரை நிலைகளாகச் சொல்வார்கள், மழைக்காலத்தில் சில இடங்கள் நாலாம் நிலைக்கு மேலேயே போகும். அது பிங் ஆற்றில் போய்ச் சேருகிற கிளை. 2024 அக்டோபர் தொடக்கத்தில் பிங் கரை மீறி, ஊருக்குள் நைட் பஜார் இருக்கும் சாங் க்ளான் பக்கம் வரை வெள்ளம் வந்தது. மே தேங் பகுதியில் இருந்த யானைக் காப்பகம் ஒன்றில் யானைகளே இறந்தன. எல்லா ஆண்டும் அப்படி இல்லை. ஆனால் அதற்கு முந்தின இரண்டு நாள் மலையில் கனமழை என்றால் காசு போனாலும் விட்டுவிடுங்கள். கம்பெனியிடம் "ஜாக்கெட் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், "இன்று தண்ணீர் எந்த அளவு, நீச்சல் தெரியாதவளை எந்தப் பகுதியில் இறக்குவீர்கள், கூட மீட்புக்கு கயாக் (ஒருவர் துடுப்புப் போடும் சின்னப் படகு) வருமா" என்று கேளுங்கள். இதற்கும் ஒரே வரியில் பதில் வந்தால் வேறு ஆள் பாருங்கள்.

ஒரே நாளில் இரண்டும் தாராளமாக முடியும். நாங்கள் நாலரை மணிக்கெல்லாம் ஊர் திரும்பிவிட்டோம். தா பே வாயிலில் தொடங்கி ராட்சதாம்நோன் சாலை முழுக்க, வாட் பிரா சிங் கோயில் வரை சந்தைதான். ஆறு மணிக்கு அங்கே இருங்கள். ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும், அவ்வளவு கூட்டமும் நடந்த இடத்திலேயே நிற்கும். வறுக்கிற கரண்டி கூட நின்றுவிட்டது. நானும் கையில் ஈரத்துணிப் பையோடு நின்றேன்.

சாப்பாட்டில் உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். வழியில் இருக்கும் கோயில் முற்றங்களில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும். அப்படி ஒரு முற்றத்தில் ஒரு பாட்டி குழிப்பணியாரச் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் அப்பத்தாவின் சட்டியேதான், குழி மட்டும் அதிகம். பெயர் கனோம் க்ரோக். முதலில் அரிசி மாவை ஊற்றுகிறார். ஓரம் மொறுமொறுப்பாகப் பிடித்ததும் கெட்டித் தேங்காய்ப்பாலை நடுவில் ஊற்றி, வெங்காயத்தாளைக் கிள்ளிப் போட்டு மூடுகிறார். வெந்ததும் கரண்டியால் ஓரத்தைச் சுற்றிவிட்டு எடுத்து, இரண்டை ஒன்றோடொன்று கவிழ்த்து வைத்து வாழையிலைத் தொன்னையில் தருகிறார். வெளியே தோசை ஓரம், உள்ளே இன்னும் ஆறாத தேங்காய்ப்பால், இனிப்பும் உப்பும் சேர்ந்து. ஆற்றில் குளிர்ந்துபோன உடம்புக்குள் அது இறங்கியது இன்னும் நினைவிருக்கிறது. மூன்று தொன்னை வாங்கினேன். நாக்கு வெந்துவிடும், பொறுத்துச் சாப்பிடுங்கள்.

கோவை_துடுப்பு பதில்:

பவானிக்காரர் சொன்ன படுக்கை நிலை நூற்றுக்கு நூறு சரி. மாதம் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து. நானும் என் மனைவியும் செப்டம்பரில்தான் போனோம், அவளுக்கும் நீச்சல் தெரியாது. நிறையத் தண்ணீர் இருந்தால் பாறைகள் மூழ்கிவிடும், முட்டி மோதுவது குறையும். பிப்ரவரிக்கு மேல் போனால் படகு பாறையில் உரசி உரசி நிற்கும், இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

கண்ணாடி போடுபவர் என்றால் பின்னால் கயிறு கட்டுங்கள். என் கண்ணாடி இன்னும் மே தேங்கில்தான் இருக்கிறது.

தஞ்சை_தட்டு பதில்:

சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன், நான் சுத்த சைவம். 11 நாள் தாய்லாந்தில் இருந்தேன்.

மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'เจ' என்று போட்டிருக்கும். அந்த எழுத்தின் வடிவத்தைக் கைப்பேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். 'ஜே' என்று சொல்வார்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேராது, பூண்டு வெங்காயம் கூட கிடையாது. சீன நாட்காட்டிப்படி ஒன்பதாம் மாதம் ஜே திருவிழா வரும். நீங்கள் போகும் சமயத்தையொட்டி வந்தால் கொடி தெருவெங்கும் தெரியும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடி இல்லாத கடையில் கண்ணுக்குத் தெரிகிற இறைச்சியை விட மீன் சாறுதான் பிரச்சினை. 'நாம் ப்லா' என்பார்கள், எதிலும் விடுவார்கள். "மை சாய் நாம் ப்லா கா" என்று சொல்லுங்கள், மீன் சாறு வேண்டாம் என்று அர்த்தம். கடைசியில் வரும் 'கா' பெண்கள் சேர்க்கும் மரியாதைச் சொல். அதைச் சேர்த்ததும் கடைக்காரர் முகம் மலரும்.

நாம் ப்ரிக் நும் பார்த்தால் ஆசை வரும். பச்சை மிளகாயைச் சுட்டு இடித்த துவையல், நம் ஊர் சுட்ட கத்தரிக்காய்த் துவையல் வாசம். அதிலும் மீன் சேர்ப்பவர்கள் உண்டு, கேட்காமல் தொடாதீர்கள். காவ் சோய் என்கிற தேங்காய்ப்பால் நூடுல்ஸ்தான் அந்த ஊர் அடையாளம். அதை ஜே கடையில் காளானோடு செய்து தருகிறார்கள், விடாதீர்கள். முட்டை சாப்பிடுவேன் என்கிறீர்கள், அப்படியானால் குச்சியில் கோத்து ஓட்டோடு சுட்ட முட்டை கிடைக்கும். வாழைப்பழ ரொட்டி எங்கும் உண்டு, அதில் முட்டை ஊற்றுவார்கள்.

கனோம் க்ரோக் எனக்கும் உயிர். தூவல் என்ன என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. பவானி அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கம்பெனிக்கு உங்கள் மூன்று கேள்விகளையும் அப்படியே அனுப்பினேன். முன்பு ஒரு வரியில் எழுதியவர்கள் பதிலே போடவில்லை. வேறொரு இடத்திலிருந்து நீளமாக வந்தது: காலையில் தண்ணீர் அளவு பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம், அளவு கூடினால் கீழ்ப்பகுதி மட்டும், இல்லையென்றால் பணம் திரும்ப. மீட்பு கயாக் ஒன்று கூட வருமாம். ஞாயிறு மழை என்றால் திங்களுக்கு மாற்றலாம் என்றும் சொன்னார்கள்.

அதனால் ராஃப்டிங்கைத் திங்களுக்கு வைத்துவிட்டேன். ஞாயிறு சந்தை தனியாக, அவசரமில்லாமல். ஒரு சந்தேகம்: திங்கள் ராத்திரி ஆற்றிலிருந்து பசியோடு வந்தால் எங்கே போவது?

பவானிக்காரன்:

நல்ல முடிவு. பதில் போடாதவர்களை மறந்துவிடுங்கள்.

திங்களுக்கு வடக்கே சாங் புவாக் வாயில், வெள்ளை யானை வாயில் என்று அர்த்தம். பழைய நகரத்தைச் சுற்றியிருக்கும் அகழிக்கு எதிர்ப்புறம் மாலையில் கடைகள் போடுவார்கள். அங்கே பேர் பெற்றது பன்றிக்கால் சோறு, கௌபாய் தொப்பி போட்ட அம்மா வெட்டித் தருவார். உங்களுக்கு அது ஆகாது. ஆனால் சுற்றிலும் கடை நிறைய, பழச்சாறும் உண்டு. சிவப்பு சோங்தேவ் (பலர் சேர்ந்து ஏறும் வாடகை வண்டி) வண்டியில் "சாங் புவாக்" என்றால் இறக்கிவிடுவார்கள், ஏறும் முன்னால் காசைப் பேசிக்கொள்ளுங்கள்.

காய்ந்த துணி ஒரு செட்டை விடுதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், வண்டியிலேயே இருக்கட்டும். ஈரத்தோடு அந்தக் குளிர்சாதன வேனில் ஒன்றரை மணி நேரம் வந்தேன், பல் கிட்டிவிட்டது.

அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள் தங்கச்சி. தரையில் படுத்துக் காலை நீட்டிக் காட்டுங்கள், அவர்களுக்கும் புரியும்.

வைகைக்கரை:

நேற்று ராத்திரி காட்டினேன் அண்ணா. "இன்னும் கொஞ்சம் காலைத் தூக்கு" என்றார்கள்.