வீடில்லாதவர்களுக்குச் சமூகத் திறன் பயிற்சி: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். வீடில்லாதவர்கள் தங்கும் இரவுக் காப்பகம் ஒன்றில் வாரம் 2 நாள் சமூகத் திறன் பயிற்சி (பிறரோடு பேசிப் பழகக் கற்றுக்கொடுப்பது) நடத்துகிறேன். ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது போன்றவை வரும் மனநோய்), சிலருக்கு இருதுருவக் கோளாறு (அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது).

அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் லிபர்மன் போன்றவர்கள் வகுத்த முறைதான்: ஒரு திறனைச் சின்னப் படிகளாக உடைப்பது, நான் செய்து காட்டுவது, அவர்கள் நடித்துப் பார்ப்பது, நன்றாக இருந்ததை முதலில் சொல்வது, அப்புறம் வெளியே செய்துபார்க்க ஒரு வேலை கொடுப்பது. (அதை ‘வீட்டுப்பாடம்’ என்று சொல்ல நாக்கு கூசியது. இப்போது ‘வெளிவேலை’ என்கிறோம்.)

சிக்கல் முதல் படியிலேயே. “எதிரில் இருப்பவர் கண்ணைப் பாருங்கள்” என்றேன். ஒருவர் சிரித்துவிட்டார்: “தெருவுல அப்படிப் பார்த்தா அடி விழும் சார்.” சரிதானே? பார்வையைத் தவிர்ப்பது நோயின் அறிகுறி என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது உயிரைக் காத்த பழக்கம். அதை மறக்கச் சொல்லாமல், மருத்துவரிடமோ வாடகைக்கு வீடு கேட்கும்போதோ மட்டும் மாற்றிக்கொள்ள எப்படிக் கற்றுக்கொடுப்பது?

இன்னொன்று, ஆட்கள் வாராவாரம் மாறுகிறார்கள். ஒரே அமர்வில் முடிகிற பயிற்சிகள் என்ன வைத்திருக்கிறீர்கள்? மாத்திரையால் தூக்கம் வருகிறது என்று மருத்துவரிடம் சொல்வது, சிகரெட் கேட்டு நச்சரிப்பவரிடம் மறுப்பது, இவை இரண்டும் நன்றாகப் போகின்றன.

காதில் குரல் கேட்டுக்கொண்டே இருப்பவரை நடிக்க அழைக்கலாமா, பார்வையாளராக உட்காரவைத்தால் போதுமா? புத்தகப் பட்டியல் வேண்டாம், நீங்கள் செய்து பார்த்ததை எழுதுங்கள்.