பிரைமருக்குத் தமிழ்ச்சொல்: ‘வெடியூக்கி’ வேண்டாம், ‘பொறிக்கிண்ணி’ ஆகட்டும்

குழுமத்தாருக்கு வணக்கம்.

ரைபிள் தோட்டாவின் அடிப்புறத்தில் பதிந்திருக்கும் பிரைமருக்கு இந்த இழையில் மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: முதற்பூச்சு, வெடியூக்கி, எரியூட்டி. தோட்டாவைத் தாமே நிரப்பும் இலக்குச் சுடுநர்களுக்காக, நம்பகமான பிரைமரைத் தேர்ந்தெடுப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். அந்த வேலையில் இம்மூன்றையும் பொருத்திப் பார்த்தேன். மூன்றும் உதவவில்லை.

முதற்பூச்சு சுவருக்கு அடிக்கும் வண்ணத்தின் பெயர். அதை இத்துடன் விட்டுவிடலாம்.

> வெடியூக்கி ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல்தானே, அதையே எடுத்துக்கொள்ளலாமே?

வழக்கில் உள்ளது என்பதுதான் சிக்கல். அது பாறை பிளக்கும் வெடிமருந்தை முழு வேகத்தில் வெடிக்கச் செய்யும் கருவியின் பெயர். ரைபிளுக்குள் நடப்பது வேறு. அங்கே மருந்து வெடித்துச் சிதறக் கூடாது; வேகமாக எரிய வேண்டும், எரிந்து எழும் வாயுவின் அழுத்தம் குண்டைத் தள்ள வேண்டும். அந்த மருந்துக்குத் தீயைக் கொடுப்பது மட்டுமே பிரைமரின் பணி. வெடியூக்கி என்று எழுதினால், முதல் பக்கத்திலேயே வாசகர் தவறான படத்தோடு தொடங்குவார்.

எரியூட்டி பொருளளவில் கிட்ட வருகிறது. ஆனால் ‘உடல் எரியூட்டப்பட்டது’ என்று நாளிதழில் படித்துப் பழகிய கண்ணுக்கு அது சுடுகாட்டைத்தான் காட்டும். அதைவிடப் பெரிய குறை, அந்தச் சொல்லில் பொருளின் வடிவமே இல்லை. இந்தப் பொருளில் வடிவம்தான் பாதி விஷயம்.

பிரைமர் ஒன்றைக் கவிழ்த்து உள்ளே பாருங்கள். ஒரு சிறு உலோகக் கிண்ணி. அதன் அடியில் அப்பியிருக்கும் கலவை. அதன்மேல் கால்கள் கொண்ட ஒரு குட்டி உலோகத் துண்டு. விசையை இழுத்ததும் பாயும் சுடுமுள் (ஃபயரிங் பின்) கிண்ணியின் முதுகில் அடிக்கும்போது, கலவை கிண்ணிக்கும் அந்தத் துண்டுக்கும் இடையே நசுங்கிப் பொறி கக்குகிறது. அந்தத் துண்டுக்கு ‘அடைகல்’ என்ற சொல்லைத் தயங்காமல் வைக்கலாம். கொல்லர் பட்டறையில் அடியைத் தாங்கும் கல்லுக்கு உரிய பெயர் அது. இங்கும் அதே வேலைதான்.

எனவே என் பரிந்துரை ‘பொறிக்கிண்ணி’. உள்ளிருக்கும் கலவைக்கு மட்டும் ‘பொறிமருந்து’. இரண்டையும் பிரித்தே சொல்ல வேண்டும். ஏனென்றால் பிரைமர் பற்றவில்லை என்றதும் எல்லோரும் பொறிமருந்தைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் அதன்மேல் பிழை இருக்காது. கிண்ணியைத் தோட்டாவின் அடியிலுள்ள குழிக்குள் முழுதாக அழுத்தி இருத்தியிருக்க மாட்டார்கள். அடைகலின் கால்கள் குழியின் தரையைத் தொடாமல் நின்றால், சுடுமுள்ளின் விசை கிண்ணியை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாம் அடியில் அதே தோட்டா சுட்டுவிட்டால், காரணம் பெரும்பாலும் இதுதான். சரியாக இருத்திய பொறிக்கிண்ணி தோட்டாவின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே, அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு தாழ்ந்து நிற்கும். விரல் நுனியால் தடவினாலே தெரியும்: மேடு தட்டக் கூடாது, மெல்லிய பள்ளம் உணரப்பட வேண்டும்.

‘கிண்ணி’ என்ற உறுப்பு சொல்லுக்குள் இருப்பதால் தேர்வு பற்றிய பகுதியும் எளிதாகிறது. சிறிய ரைபிள் பொறிக்கிண்ணியின் விட்டம் 0.175 அங்குலம், பெரியது 0.210. கைத்துப்பாக்கிக்கானவையும் இதே விட்டங்களில் வருகின்றன. ஆனால் சிறிய அளவில் அவற்றின் கிண்ணித் தகடு மெலிது, பெரிய அளவில் அவற்றின் உயரம் குறைவு. குழிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்பதற்காக ஒன்றுக்கு மற்றொன்றைப் போடக் கூடாது. ரைபிளின் அழுத்தத்தில் மெல்லிய கிண்ணி துளைபட்டுவிடும். ஏஆர்-15, எம்1 கராண்ட் போன்ற ரைபிள்களில் சுடுமுள் வில் ஏதும் இல்லாமல் தளர்வாகக் கிடக்கிறது; தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் போல்ட் மூடும் ஒவ்வொரு முறையும் அது கிண்ணியை லேசாகத் தட்டும். அவற்றுக்கு எளிதில் பற்றாத கிண்ணி வேண்டும். சிசிஐ நிறுவனம் 34, 41 ஆகிய எண்களை இதற்கென்றே தருகிறது. மிக எளிதில் பற்றுவதையே ‘நம்பகம்’ என்று எண்ணுவது அரைகுறைப் புரிதல். பற்றக் கூடாத நேரத்தில் பற்றாமலிருப்பதும் அதில் அடங்கும்.

வலுவான தீயைத் தரும் மேக்னம் வகைக்கு ‘வலுப்பொறிக்கிண்ணி’ போதும். எளிதில் தீப்பிடிக்காத உருண்டை மணி மருந்துக்கும் கடுங்குளிருக்கும் அது பயன்படும். வகையோ நிறுவனமோ மாறினால் அழுத்தமும் மாறலாம்; மருந்தளவைக் குறைத்து மீண்டும் படிப்படியாக ஏற வேண்டும் என்ற எச்சரிக்கையைக் கையேட்டில் தடித்த எழுத்தில் வைத்திருக்கிறேன்.

> பொறி என்றால் இயந்திரம், கண்ணி, புலன் என்று பல பொருள் உண்டே?

உண்டு. ஆனால் கிண்ணியோடு சேர்ந்து வரும்போது தீப்பொறியைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வராது.

> ‘கேப்பு’ என்ற பேச்சு வழக்கே போதாதா?

கேப்பு, குழல்வாய்வழி மருந்து நிரப்பும் பழைய துப்பாக்கியின் முலைபோன்ற சிறு குழாயில் தொப்பிபோல் மாட்டுவது. அதற்கு அந்தப் பெயர் அப்படியே இருக்கட்டும்.

பாக்சர், பெர்டான் என்ற பிரைமரின் இரு வகைகளும் 1860களில் அறிமுகமானவை. அவற்றின் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பாக்சரில் அடைகல் கிண்ணிக்குள்ளேயே இருக்கும். தீ மருந்துக்குள் பாயும் சுடர்த்துளை நடுவில் ஒன்றே என்பதால் ஊசியால் தள்ளி எளிதில் கழற்றலாம், மறுநிரப்புக்கு ஏற்றது. பெர்டானில் அடைகல் தோட்டாக் கூட்டின் பகுதி. சுடர்த்துளைகள் பெரும்பாலும் இரண்டு. ‘கூடு’ என்பதற்கு மாற்றாக ஈழத்து வழக்கில் ‘கோது’ உண்டு. குண்டு போனபின் எஞ்சும் ஓட்டுக்கு அது இன்னும் பொருத்தமாகப்படுகிறது.

விசையை இழுத்தும் தோட்டா சுடாததை ‘பொய்ச்சூடு’ எனலாமா? மழை பொய்த்தது என்கிறோமே, அந்தப் பொய்த்தல். தாமதித்துச் சுடுவது ‘பிந்துசூடு’. இரண்டும் முதல் நொடியில் ஒரே மாதிரிதான் தோன்றும். அதனால்தான் குழலை இலக்குப் பக்கமே வைத்து ஒரு நிமிடமாவது காத்திருந்து பிறகு போல்ட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். இந்த இடத்தில் சொல் குழம்பினால் கை போகும்.

போல்ட் மூடும்போதே தானாகச் சுட்டுவிடுவதற்கு மட்டும் எனக்கு நல்ல சொல் அமையவில்லை. ‘மூடற்சூடு’ என்று எழுதி அடித்துவிட்டேன். இயந்திரவியல் அறிந்தவர்கள் கைகொடுங்கள்.