வெளியூர் செல்லும்போது மரத்தவளைகளையும் தேரையையும் பார்த்துக்கொள்வதில் சிக்கல்: ஆலோசனை தேவை

ஈரமண்:
வணக்கம். என்னிடம் ஒயிட்ஸ் மரத்தவளைகள் இரண்டும், வேறொரு தொட்டியில் தேரை ஒன்றும் இருக்கின்றன. அடுத்த மாதம் பத்து நாள் வெளியூர் செல்கிறேன். பக்கத்து வீட்டு நண்பர் தினமும் மாலையில் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் அவருக்குத் தவளை வளர்த்துப் பழக்கமில்லை என்பதால் ஒரு வார இறுதியில் சாவியை அவரிடம் கொடுத்து ஒத்திகை பார்த்தோம்.

திரும்பி வந்தபோது நீர்க்கிண்ணத்தில் தீனிக்கு விட்ட கிரிக்கெட் பூச்சிகள் செத்து மிதந்தன. டைமரில் மாட்டியிருந்த மிஸ்டிங் கருவி (தானாக நீர் தெளிப்பது) தொட்டியின் தரையில் பரப்பிய நார்த்தூளைச் சேறாக்கியிருந்தது. இதற்கிடையில், பச்சையாக இருந்த தவளை பழுப்பாகிவிட்டது என்றும், தேரையைக் காணவே இல்லை என்றும் நண்பர் பதறிப்போய் இரவில் அழைத்தார். தேரை தப்பிவிட்டதோ என்று மண்ணையெல்லாம் கிளறியிருக்கிறார். அது ஒரு மூலையில் புதைந்து கிடந்தது.

அவருக்கு வேலையைக் குறைப்பதற்காக மூன்றையும் ஒரே தொட்டியில் விடலாமா? பூச்சிகளை மொத்தமாக உள்ளே விட்டுவிட்டுச் சென்றால் போதுமா? மிஸ்டிங் கருவியை எப்படி அமைப்பது?

கண்ணாடித்தொட்டி:
முதலில் நண்பரின் பதற்றத்தைத் தீர்த்துவிடுவோம். ஒயிட்ஸ் மரத்தவளை வெப்பம், வெளிச்சம், சுற்றியுள்ள நிறம், மனநிலை ஆகியவற்றுக்கு ஏற்பப் பச்சைக்கும் பழுப்புக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும். நிறம் மாறியதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. தேரை பகலில் புதைந்து கிடப்பது அதன் இயல்பு. மூடி சரியாகப் பூட்டியிருந்தால் அது உள்ளேதான் இருக்கும் என்று நம்பி, தோண்டாமல் விட்டுவிடும்படி அவரிடம் சொல்லுங்கள். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: தவளைகள் அவ்வப்போது தோலை உரித்து, வாயைத் திறந்து மூடி அந்தத் தோலையே விழுங்கும். பார்க்காதவருக்கு அது வலிப்பு வந்ததுபோலத் தோன்றும். உடனே உங்களை அழைப்பார்.

ஒரே தொட்டி வேண்டவே வேண்டாம். தேரையின் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பிகளிலிருந்து வெளிப்படும் நஞ்சு பொதுவான நீர்க்கிண்ணத்தில் கலந்தால் மரத்தவளைகளுக்கு ஆபத்து. அதோடு, வாயில் அடங்கும் எதையும் ஒயிட்ஸ் விழுங்கப் பார்க்கும். உங்கள் தேரை சிறியதாக இருந்தால் அதையும் விட்டுவைக்காது.

பூச்சிகளை மொத்தமாக விடுவதும் தவறுதான். தின்னாமல் எஞ்சும் கிரிக்கெட் பூச்சிகள் பசியெடுத்தால் உறங்கும் தவளையின் தோலைக் கடிக்கும். கிண்ணத்தில் விழுந்தவை அழுகி, அந்த நீரில் அம்மோனியா ஏறும். தவளை வாயால் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் நீரை உறிஞ்சுகிறது என்பதால் கெட்ட நீரில் உட்கார்வதும் கெட்ட நீரைக் குடிப்பதும் அதற்கு ஒன்றுதான்.

நார்த்தூள்:
மிஸ்டிங் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒயிட்ஸ் மழைக்காட்டுத் தவளை என்று பலர் நினைத்துக்கொண்டு தொட்டியை எந்நேரமும் நனைத்து வைக்கிறார்கள். அது வறண்ட பருவத்தையும் தாங்கும் இனம்; ஈரப்பதம் பகலில் ஐம்பது அறுபது சதவீதத்தில் நின்று, இரவில் ஒருமுறை தெளித்தபின் ஏறி, காலைக்குள் மேற்பரப்பு உலர்ந்துவிட வேண்டும். சேறாகவே கிடக்கும் தரையில்தான் தோலில் பாக்டீரியாத் தொற்று வருகிறது. எனவே, கருவி இரவு ஒருமுறை சில நொடிகள் மட்டும் இயங்கினால் போதும். மூடியில் காற்றோட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணாடி நாள் முழுக்க வியர்த்துக் கிடந்தால் காற்று போகவில்லை என்று பொருள்.

அந்தக் கருவியைப் புறப்படுவதற்கு ஒரு வாரமாவது முன்பே அதே அமைப்பில் ஓடவிட்டு, ஈரப்பதமானியில் காலையும் மாலையும் அளவைக் குறித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், தினமும் ஒருவர் வரும்போது கருவியே தேவையில்லை, கையால் தெளிக்கும் பாட்டில் போதும். குழாய் கழன்றுகொண்டாலோ தொட்டி நிரம்பினாலோ அதைச் சரிசெய்ய அவருக்குத் தெரியாது. டைமரை விளக்குக்கு மட்டும் வையுங்கள். மின்தடை ஏற்பட்டால் சுழலும் வகை டைமர் அந்த நேரத்துக்கு நின்று, அதன்பின் அத்தனை நேரம் பின்தங்கியே ஓடும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமராக இருந்தால் நேரம் தப்பாது.

நீர் விஷயத்தில், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாட்டில் என்று குளோரினை நீக்கும் மருந்து கலந்த நீரை நிரப்பி வரிசையாக வைத்துவிடுங்கள். குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது சரிதான், ஆனால் சில இடங்களில் குளோரினுக்குப் பதிலாகக் குழாய் நீரில் சேர்க்கும் குளோரமின் அப்படிப் போகாது. நண்பர் செய்ய வேண்டியது பழைய நீரைக் கொட்டி, கிண்ணத்தைக் கழுவி, அன்றைய பாட்டிலை ஊற்றுவது மட்டுமே. சோப்பு கூடாது. தேரைக்கு நன்றாக நீந்த வராது. அதன் கிண்ணத்தில் நீர் தாடையைத் தாண்டாத ஆழத்துக்குப் போதும்.

இரவுப்பாடகன்:
உணவைப் பற்றி எல்லோரும் தேவைக்கு மேல் கவலைப்படுகிறோம் என்று தோன்றுகிறது. வளர்ந்த, கொழுத்த ஒயிட்ஸ் பத்து நாள் சாப்பிடாவிட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் வளர்பவற்றில் பட்டினியால் மெலிவதைவிடத் தீனி மிகுந்து கண்ணுக்கு மேல் கொழுப்பு மடிந்து தொங்குவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். நண்பருக்கு நீரை மட்டும் மாற்றும் வேலையைக் கொடுத்து, உணவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கண்ணாடித்தொட்டி:
மரத்தவளைகள் வளர்ந்தவையாக இருந்தால் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஈரமண் வயதைச் சொல்லவே இல்லையே. ஈரமண், உங்கள் தேரை எவ்வளவு பெரியது?

ஈரமண்:
தவளைகள் இரண்டும் நன்கு வளர்ந்தவை, உள்ளங்கையை நிரப்பும் அளவு. தேரை இளையது, வால் சுருங்கி மறைந்து நிலத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கட்டைவிரலின் முதல் கணு அளவு இருக்கும்.

கண்ணாடித்தொட்டி:
அப்படியானால் தேரைக்கு இரவுப்பாடகன் சொன்ன கணக்கு பொருந்தாது. இந்த வயதில் அதற்குத் தினமும், குறைந்தது ஒன்றுவிட்ட ஒரு நாளாவது உணவு வேண்டும். உடலில் சேமிப்பு குறைவு, வளர்ச்சி வேகமானது. அதை மட்டும் தவளை வளர்த்து அனுபவமுள்ள ஒருவரிடம் ஒப்படைக்க முடிந்தால் அதுவே நல்லது. காற்றுத் துளையுள்ள சிறு டப்பாவில் ஈரப் பாசியை இட்டு, வெயில் படாமல் கொண்டுசெல்லுங்கள். நீர் நிரப்பிய டப்பா கூடாது.

அப்படி யாரும் இல்லையென்றால், வழவழப்பான சுவருள்ள சிறு கிண்ணத்தைத் தொட்டிக்குள் வைத்து, சிறு மண்புழுத் துண்டுகளையோ டுபியா (தீனிக்கு வளர்க்கும் கரப்பான் வகை) குஞ்சுகளையோ கால்சியம் தூளில் புரட்டி அதில் இடச் சொல்லுங்கள்; டுபியாவால் அந்தச் சுவரில் ஏற முடியாது என்பதால் நண்பர் தொட்டிக்குள் பூச்சி துரத்த வேண்டியதில்லை. மறுநாள் எஞ்சியதை எடுத்துவிட வேண்டும். இப்போதே மண்ணில் ஸ்பிரிங்டெயில் என்ற மிகச் சிறிய மண்வாழ் உயிரிகளைப் பெருகவிட்டால் ஒருவேளை தீனி தவறினாலும் கொறிக்கக் கொஞ்சம் இருக்கும், ஆனால் அதையே முழு உணவாக நம்ப வேண்டாம். மரத்தவளைகளுக்கு அந்தப் பத்து நாளின் நடுவில் ஒருமுறை, ஐந்தாறு பூச்சிகள் போதும்.

ஈரமண்:
மிக்க நன்றி. தேரையை ஒப்படைக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், கேட்டுப் பார்க்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்றால் அறை சூடாகிவிடும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. எவ்வளவு வரை தாங்கும்?

நார்த்தூள்:
மரத்தவளைகள் பகலில் 28, 29 டிகிரி செல்சியஸ் வரை வசதியாக இருக்கும். பெரும்பாலான தேரைகளுக்கு அதைவிடக் குறைவு, இருபதுகளின் தொடக்கமே நல்லது. பூட்டிய வீட்டில் அடிபடுவது பசியைவிட முதலில் வெப்பத்தால்தான். தொட்டியைச் சன்னலிலிருந்து விலக்கி, தரைக்கு அருகில் வையுங்கள்; சூடேற்றும் விரிப்பு இருந்தால் தெர்மோஸ்டாட் இல்லாமல் விட்டுச்செல்ல வேண்டாம். எந்த அளவைத் தாண்டினால் விளக்கை அணைக்க வேண்டும் என்று வெப்பமானியிலேயே சிவப்புக் கோடு போட்டுவிடுங்கள்.

இரவுப்பாடகன்:
கைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கிருமிநாசினியோ கிரீமோ தடவிய கையோடு தொட்டிக்குள் போகக் கூடாது. தவளையைத் தூக்கவும் வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்பால் கழுவ வேண்டும், ஏனென்றால் வயிற்றுநோய் தரும் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கலாம்.

தொடை உட்புறம் சிவந்திருந்தால், உடல் பந்துபோல் வீங்கியிருந்தால், புரட்டிப் போட்டதுபோல் கிடந்து நிமிர முடியாமலிருந்தால், இவற்றுக்கு மட்டும் உடனே அழைக்கச் சொல்லி, தவளை போன்ற நீர்நிலவாழிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரின் எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். தினமும் படம் அனுப்பச் சொல்வதானால் தவளையைப் படம் எடுக்க வேண்டாம், அது எங்காவது ஒளிந்திருக்கும், இவர் தேடிக் கிளறுவார். வெப்பமானியையும் நீர்க்கிண்ணத்தையும் எடுத்து அனுப்பினால் போதும்.