புதுப்பிப்பு: மெமரி போதாமல் ரைட்டரில் போன 40 பக்கம் கிடைத்துவிட்டது

போன வாரம் இங்கே புலம்பியவன் நான்தான். தாத்தாவின் ஏற்காடு காபித் தோட்ட நினைவுகளை லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற எழுதும் மென்பொருளில் 40 பக்கம் தட்டி, ஒருமுறைகூடச் சேமிக்காமல், பாதியில் மடிக்கணினி உறைந்துபோன கதை. உதவிய எல்லோருக்கும் நன்றி.

திரும்பத் திறந்தால் மீட்கவா என்று கேட்கும், ஆம் என்றால் அங்கேயே மறுபடி உறையும். நிராகரித்தால் மிச்சமும் போய்விடும், தொடாதே என்று எச்சரித்தவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. வேலை செய்தது, "பேக்கப் ஃபோல்டரில் பார்" என்ற யோசனைதான். ரைட்டரின் பயனர் கோப்புறைக்குள் அந்த ஃபோல்டர் இருந்தது. அதிலிருந்த என் கோப்பை நகலெடுத்து, பெயர் இறுதியில் இருந்த ஓடிடியை (ரைட்டர் கோப்பின் வகைப் பெயர்) ஜிப் (சுருக்கிக் கட்டிய கோப்பு) என்று மாற்றி, உள்ளே பிக்சர்ஸ் ஃபோல்டரில் இருந்த படங்களை மட்டும் அழித்துவிட்டு, பழைய பெயருக்கே மாற்றித் திறந்தேன். பழுதாகியிருக்கிறது, சரிசெய்யவா என்றது. சரி என்றேன். எழுத்து முழுக்க வந்துவிட்டது, கடைசியாக அடித்த முக்கால் பக்கம் தவிர. தானியங்கிச் சேமிப்பு 10 நிமிடத்துக்கு ஒருமுறைதானாம், இப்போது 2 ஆக்கிவிட்டேன்.

எதிர்பாராதது என்னவென்றால், குற்றவாளி நான் செருகிய 60 செல்போன் படங்கள். ஒவ்வொன்றும் கோப்பாக 4 எம்பிதான், ஆனால் 1.2 கோடி புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்று திரையில் விரியும்போது ஒரு படமே சுமார் 48 எம்பி மெமரியைத் தின்கிறது. என்னிடம் இருப்பதோ 4 ஜிபி. சேலம் ஐந்து ரோடு கடையில் ரேம் (அந்த மெமரிதான்) மாற்றச் சொன்னார்கள், மாற்றவில்லை. படங்களை மறுபடி செருகி, ஒவ்வொன்றின் மேலும் வலது கிளிக் செய்து கம்ப்ரஸ் (படத்தைச் சுருக்குவது) கொடுத்தபின் ஒழுங்காக ஓடுகிறது.