கப்பலில் கயிற்றாட்டம்: தமுக்கத்து சர்க்கஸை விட அப்படி என்ன உசத்தி?

செல்லூரான்:
சிங்கப்பூர் மகள் வீட்டுக்குப் போனபோது, பினாங்கு வரை கப்பலில் கூட்டிப்போனாள். இரண்டாம் நாள் ராத்திரி அரங்கில், இரண்டு பேர் ஒரே துணியைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் சுழன்றார்கள். என் நாற்காலியே லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கைதட்ட மறந்துவிட்டேன். மதுரை தமுக்கம் மைதானத்தில் சின்ன வயதில் பார்த்த சர்க்கஸெல்லாம் இதன் கிட்டே வராது.

மேலூர் பாண்டி:
அண்ணே, கீழே மெத்தை, மேலே ஏசி. நம்ம தெருவில் கழைக்கூத்தாடி வந்தால் வலையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கையில் மூங்கில், தலையில் சொம்பு, கீழே தார் ரோடு. குறுந்தொகையிலேயே கயிற்றில் ஆடுகிறவர்களின் பறை கேட்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பத்து ரூபாய் போட யோசித்த நாம்தான் இதற்கு வாய் பிளக்கிறோம்.

செல்லூரான்:
அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயது தம்பி. வலை இல்லாததைப் பெருமையாகச் சொல்லாதே.

தெப்பக்குளத்தார்:
பாண்டி ஒன்றை விட்டுவிட்டார். கழைக்கூத்தாடிக்குத் தரை நகராது. கப்பல் சாய்ந்தால், தொங்கும் துணி கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி நேராக நிற்கப் பார்க்கும், மேடைதான் விலகும். இறங்க வேண்டிய இடம் ஒரு அடி தள்ளிப்போயிருக்கும். கப்பலுக்கு இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் இறக்கை போலத் தகடு உண்டு. அது பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் அடக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதற்கு அதனால் பெரிய பயன் இல்லை. பல கப்பல்களில் பெரிய அரங்கை முன்பக்கம் வைக்கிறார்கள், அந்த ஏற்ற இறக்கம் அங்கேதான் அதிகம். 2009இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் கப்பலில், பின்பக்கம் திறந்தவெளியில் குளம் கட்டி, உயரத்திலிருந்து அதில் குதிக்கவும் வைத்தார்கள். குதிக்கிறவருக்குக் கீழே குளத்துத் தண்ணீரும் சேர்ந்து ஆடும்.

மேலூர் பாண்டி:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மலாக்கா நீரிணை சுமத்ராவுக்கும் மலேயாவுக்கும் நடுவே ஒதுங்கின கடல். பெரும்பாலும் உங்க தெப்பக்குளம் மாதிரி கிடக்கும். அங்கே என்ன ஆட்டம்?

செல்லூரான்:
திரும்பி வரும்போது காற்று எழும்பி, அன்றைய ஆட்டத்தையே ரத்து செய்தார்கள் தம்பி. தெப்பக்குளத்தில் அப்படி நடக்குமா?

மேலூர் பாண்டி:
காசு திரும்ப வந்ததா?

செல்லூரான்:
ஷோவுக்குத் தனிக் காசு கிடையாது, பயணச் சீட்டோடு சேர்ந்தது. பதிலுக்கு ஒருத்தர் வந்து சீட்டுக்கட்டு வித்தை காட்டினார். பின் வரிசையில் இருந்த எனக்கு ஆட்டினும் தெரியவில்லை, இஸ்பேடும் தெரியவில்லை.