மறு: பழைய காருக்கு ‘என்ஜின் ஸ்வாப்’, ‘ரீபில்டு’: தமிழில் என்ன?

காரைக்குடி:
வணக்கம். எங்கள் மோட்டார் மெக்கானிக் மாணவர்களுக்கான பாடம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அம்பாசடரின் 1489 சிசி என்ஜினையே பிரித்து, ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டர் துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுப் பூட்டுவது ஒரு வழி; அது ரீபில்டு. அதை இறக்கிவிட்டு 1.8 லிட்டர் இசுசு என்ஜினை ஏற்றுவது இன்னொரு வழி; அது ஸ்வாப். பட்டறையில் இரண்டும் ‘என்ஜின் வேலை’தான். ‘பொறி மீளுருவாக்கம்’, ‘பொறி இடமாற்றம்’ சரியா?

தேவகோட்டை:
இடமாற்றத்தில் பொருள் அதே, இடம் வேறு. இங்கே இடம் அதே, பொருள்தான் வேறு. பொறியும் வேண்டாம் ஐயா, அடுத்த பாடத்திலேயே தீப்பொறி வரும். எந்திரம் என்றே எழுதுங்கள். “கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்” என்று ஐங்குறுநூற்றிலேயே இருக்கிறது. ரீபில்டுக்குப் ‘புதுக்கு’ போதும். கல்வெட்டுகளில் பழுதுபார்க்கும் செலவுக்கு விட்ட நிலம் புதுக்குப்புறம். நம் நகரத்தார் கோயில்களுக்குச் செய்ததும் புதுக்குதானே!

பள்ளத்தூர்:
அந்தத் திருப்பணிகளில் சில இடங்களில் பழைய கட்டடத்தையே பிரித்துவிட்டுப் புதிதாக எழுப்பினார்கள். அது புதுக்கா, ஸ்வாப்பா?

தேவகோட்டை:
தலமும் மூலவரும் அப்படியே இருந்தால் புதுக்குதான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கானாடுகாத்தான்:
அண்ணே, கோயிலை விடுங்கள். எண்ணைப் பாருங்கள். பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் அமைந்த என்ஜினின் உடல் பகுதியில், பொறித்த என்ஜின் எண் மாறாவிட்டால் புதுக்கு. மாறினால் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி, ஆர்.சி. புத்தகத்தில் திருத்தம் எல்லாம் வேண்டும். பிளாக் விரிசல் விடாமல் இருந்தால் புதுக்குவதே சிக்கனம். வேறு என்ஜின் என்றால் மவுண்ட், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், வயரிங், கூடிய வேகத்துக்கு ஏற்ற பிரேக் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். பையன் இதைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம். எந்திரம் என்றால் அவன் மாவு மில்லைத்தான் நினைப்பான். என்ஜின் என்றே இருக்கட்டும்.

பள்ளத்தூர்:
வழிமொழிகிறேன். ஸ்வாப்புக்கு ‘வேறு என்ஜின் ஏற்றுதல்’ என்று நேராகவே சொல்லலாம்.

காரைக்குடி:
சரி, ‘என்ஜின் புதுக்கு’, ‘வேறு என்ஜின் ஏற்றுதல்’ என்று அனுப்புகிறேன். அடைப்புக்குறிக்குள் ரீபில்டும் ஸ்வாப்பும் இருக்கும்.

தேவகோட்டை:
புதுக்குக்கு மகிழ்ச்சி. ஆனால் எந்திரத்தைக் கைவிட்டதற்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஸ்வாப்புக்கு ‘வேற்றெந்திரம்’ என்ற சொல்லை யாரும் எடுத்துப் பேசவே இல்லை.